எங்கள் வீட்டுக்கு வந்த சூரன்

"அம்மோ! ஏமிட்டம்மா இதி?" என்று அலறிவிட்டார் எதிர்வீட்டுத் தெலுங்கு அம்மாள். கொஞ்சம் உறை மோர் கேட்டு வந்தவர், கொண்டுவந்த கிண்ணத்தை எங்கள் கொல்லைப் படியிலேயே வைத்துவிட்டு இரண்டடி பின்னால் போய் நின்றுகொண்டார்.

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. எங்கள் கொல்லைத் தாழ்வாரத்தில், துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில், நாலரை அடி உயரத்துக்கு ஒரு சூரன் உட்கார்ந்திருந்தான். தலை, கழுத்து, மார்பு வரைக்கும்தான். கையும் கிடையாது, காலும் கிடையாது. முட்டைக் கண், முறுக்கு மீசை, உதட்டுக்கு வெளியே நீண்ட இரண்டு கோரைப் பற்கள். அதில் ஒரு பல்லை எலி கடித்து வைத்திருந்தது. என் மாமியார் தன் பங்குக்கு அவன் நெற்றியில் மஞ்சள் குங்குமம் வைத்து, கழுத்தில் ஒரு எலுமிச்சம்பழமும் கட்டிவிட்டார். "ராத்திரியில நான் கொல்லைப் பக்கம் போக வர இருக்கணுமில்ல?" என்பது அவர் கட்சி.

இந்தச் சூரனுக்கு, பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய நான், 'ஏர்பிரஷ்' என்ற கருவியைக் கையில் பிடித்து வர்ணம் அடித்தேன் என்றால் நம்புவீர்களா? அந்தக் கதையைத்தான் எழுதுகிறேன். இது சூரனின் கதை மட்டுமல்ல. என் கணவரின் மூச்சைப் பற்றிய கதையும்கூட. அதனால்தான் நம் சகோதரிகள் படிக்கட்டும் என்று எழுதத் துணிந்தேன்.

எங்கள் ஊர் கும்மிடிப்பூண்டி. சென்னையிலிருந்து வடக்கே வரும் மின்சார ரயிலில் எளாவூர், ஆரம்பாக்கம் போவதற்கு முன்னால் வரும் ஊர். ஆந்திரா கூப்பிடு தூரம். சிப்காட் தொழிற்பேட்டைதான் எங்கள் பக்கத்துக் குடும்பங்களுக்குச் சோறு போடுகிறது. மூன்று ஷிப்டு மாறும் நேரத்தைப் பார்த்துத்தான் நாங்கள் அடுப்பே மூட்டுவோம்.

என் கணவர் ஐ.டி.ஐ. படித்தவர். 2001-ம் வருடம் ஒரு கம்பெனியில் ஸ்ப்ரே பெயின்டராகச் சேர்ந்தார். வண்டிகளின் பாகங்களுக்குப் பெயின்ட் அடிக்கும் வேலை. 'கன்' பிடித்தால் ஒரு சொட்டு ஒழுகாது. ஆரஞ்சுப்பழத் தோல் மாதிரிப் புள்ளி விழாது. கடைக்காரர் பீரோவுக்கு அடித்த பெயின்டைப் பார்த்துக்கூட, "பிரஷர் பத்தல" என்று முணுமுணுத்துக்கொண்டு வருவார். எனக்குச் சிரிப்பாக இருக்கும்.

2018-ம் வருடம் வாக்கில் அவருக்கு இருமல் ஆரம்பித்தது. வேலையிலிருந்து வந்து குளித்துச் சாப்பிட்டுப் படுத்த பிறகுதான் அதிகமாகும். நானும் மிளகுக் கஷாயம், தூதுவளை ரசம், கற்பூரவல்லிச் சாறு என்று எல்லாம் செய்து பார்த்தேன். மருந்துக் கடையில் வாங்கிய பாட்டில்கள் ஜன்னல் விளிம்பில் வரிசையாக நின்றன. "தூசியில நிக்கிறவனுக்கு இருமல் வராம என்ன வரும்?" என்று அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவே இல்லை.

பால் கணக்கு எழுதுகிற மாதக் காலண்டர் ஒன்று எங்கள் சமையலறையில் தொங்கும். ஒருநாள் ஏதோ தோன்றி, அவர் இரவில் இருமிய நாளில் பால் கணக்குக்குப் பக்கத்தில் 'இ' என்று ஓர் எழுத்துப் போட ஆரம்பித்தேன். மூன்று மாதம் கழித்துப் பார்த்தால், திங்கள் முதல் சனி வரை 'இ'. ஞாயிறு மட்டும் காலி. பொங்கலுக்கு என் தாய் வீட்டுக்குப் போய் நாலு நாள் இருந்தோமே, அந்த நாலு கட்டமும் காலி! எனக்கு என்னவோ போலிருந்தது. அவரிடம் காட்டினேன். "பொங்கச் சோறு சாப்பிட்டா இருமல் போயிடும்போல" என்று கேலி செய்துவிட்டுப் போய்விட்டார்.

அப்புறம் 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. கம்பெனி மூடிவிட்டார்கள். ஊரே இருமலைக் கேட்டால் பயந்து ஓடிய அந்த நாட்களில், எங்கள் வீட்டில் இருமலே இல்லை. கம்பெனி மறுபடி திறந்ததும் இரண்டே வாரத்தில் இருமலோடு இழுப்பும் சேர்ந்துகொண்டது. கொரோனாதான் என்று பயந்து இரண்டு தடவை பரிசோதனை செய்தோம். இரண்டிலும் இல்லை என்று வந்தது. அதற்குப் பிறகு நான் சும்மா இருக்கவில்லை. காலண்டரைச் சுருட்டி எடுத்துக்கொண்டு, அவரையும் இழுத்துக்கொண்டு, சென்னையில் நெஞ்சக நோய் டாக்டர் ஒருவரிடம் போய்விட்டேன்.

டாக்டர் எக்ஸ்ரேயைப் பார்ப்பதற்கு முன்னால் என் காலண்டரைத்தான் பார்த்தார். "அம்மா, முக்கியமான ரிப்போர்ட்டே இதுதான்" என்றார். பிறகு குழாய் மாதிரி ஒரு சின்னக் கருவியைக் கொடுத்து, ஒரு நாளைக்கு நாலு வேளை அதில் வேகமாக ஊதி, முள் நிற்கும் எண்ணை எழுதிவரச் சொன்னார். வேலை நாளிலும் ஊத வேண்டும். விடுமுறை நாளிலும் ஊத வேண்டும். சில வாரம் கழித்து அந்த எண்களைக் கோடாகப் போட்டுக் காட்டினார். வேலைக்குப் போகிற நாட்களில் கோடு பள்ளத்தில் விழுந்தது. லீவில் மேட்டில் ஏறியது.

காரணத்தையும் அவரே விளக்கினார். வண்டிகளுக்கு அடிக்கும் 'டூ பேக்' பெயின்டில் ஹார்டனர் என்று ஒன்றைக் கலப்பார்கள். பெயின்ட் கல்லு மாதிரி இறுகிப் பளபளப்பது அதனால்தான். அதில் ஐசோசயனேட் என்ற இரசாயனம் இருக்கிறது. அது பனிபோல் பறக்கும்போது மூச்சில் போனால், சிலருடைய உடம்பு அதை எதிரியாகப் பதிவு செய்துகொள்ளும். ஒரு தடவை பதிவாகிவிட்டால் அதன் பிறகு துளி போதும், மூச்சுக்குழாய் இறுகிவிடும். "வாடை வரலையேன்னு நம்பவும் முடியாதும்மா. மூக்குக்குத் தெரியறதுக்கு முந்தியே அது உள்ளே போயிருக்கும்" என்றார். 1984 டிசம்பரில் போபாலில் ஆயிரக்கணக்கானவர்களின் உயிரைக் குடித்த வாயுவும் இந்த வம்சத்தைச் சேர்ந்ததுதானாம். "ஆனா பெயின்ட்ல இருக்கிறது அதே சரக்கு இல்லை, பயப்படாதீங்க" என்றும் சொன்னார். எனக்கோ அந்தப் பெயரைக் கேட்டதுமே கை கால் சில்லிட்டுப் போயிற்று.

இருபது வருடம் அவர் மூக்கில் கட்டிக்கொண்டு போனது என்ன தெரியுமா? நான் துவைத்து மடித்துக் கொடுத்த கைக்குட்டை! அது தூசியைக்கூட ஒழுங்காகத் தடுக்காது. இந்த வாயுவுக்கு அது ஒரு தடையே இல்லை. வெளியிலிருந்து சுத்தமான காற்று குழாய் வழியாக வருகிற முகமூடிதான் அந்த வேலைக்குச் சரியானது என்று டாக்டர் சொன்னபோது, நாங்கள் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

2021-ம் வருடம் அந்த வேலையை விட்டார். இப்போது ஒரு கிடங்கின் வாசலில் லாரிகளின் வரவு எழுதுகிறார். சம்பளம் பாதிதான். இன்ஹேலர் போட்டுக்கொண்டால் மூச்சு பரவாயில்லை. ஆனால் பேச்சு நின்றுவிட்டது. தன் சொந்த 'கன்'னைத் துடைத்து, ஒரு மஞ்சள் பையில் சுற்றிப் பரண்மேல் போட்டார். சாலையில் புது லாரி பளபளப்பாகப் போனால் மட்டும் தலையைத் திருப்பிப் பார்ப்பார். அவ்வளவுதான். சம்பளம் குறைந்ததை நான் எப்படியோ ஜாக்கெட் தைத்துச் சமாளித்தேன். அந்த மௌனத்தைத்தான் என்ன செய்வதென்று தெரியவில்லை.

2024-ம் வருடம் புரட்டாசியில் எங்கள் பக்கத்து முருகன் கோயில் பெரியவர் ஒருவர் வீட்டுக்கு வந்தார். கந்த சஷ்டிக்கு எங்கள் கோயிலில் சூரசம்ஹாரம் நடக்கும். திருச்செந்தூர் மாதிரி கடற்கரையும் லட்சம் ஜனமும் இல்லாவிட்டாலும், எங்களுக்கு அது பெரிய திருவிழா. சூரனின் உருவம் காகிதக்கூழில் செய்தது. அதற்கு மேலே கவிழ்க்க யானை முகம் ஒன்றும் சிங்க முகம் ஒன்றும் உண்டு. முதலில் தாரகனாக யானை முகத்தோடு வருவான், பிறகு சிங்கமுகன், கடைசியில்தான் சூரபத்மனின் சொந்த முகம் தெரியும்.

"தம்பி, நீதான் 2016-ல பெயின்ட் அடிச்சுக் கொடுத்தே. வெளுத்துப்போச்சு, எலி வேற கடிச்சிருக்கு. இந்த வருஷம் புதுசு பண்ணித் தரணும்" என்றார் பெரியவர்.

"நான் இப்ப பெயின்ட்டைத் தொடறதில்லீங்க" என்று சொல்லிவிட்டு அவர் எழுந்து உள்ளே போய்விட்டார். பெரியவர் முகம் வாடிப்போயிற்று. எனக்கு எங்கிருந்து துணிச்சல் வந்ததோ, "ஐயா, பொம்மையை அனுப்பி வைங்க. நான் பார்த்துக்கறேன்" என்றேன்.

அன்றைக்கு ராத்திரி வீட்டில் ஒரே ரகளை. "நீ என்ன கோலம் போடறதுன்னு நினைச்சுட்டியா?" என்று கேட்டார். மூன்று வருடத்தில் அவர் அத்தனை சத்தமாகப் பேசியது அன்றுதான். திட்டு வாங்கிக்கொண்டிருந்தாலும், உள்ளுக்குள் எனக்குச் சந்தோஷமாகவே இருந்தது.

அடுத்த வாரம் செக்கப்புக்குப் போனபோது முதல் வேலையாக டாக்டரைக் கேட்டேன். அவர் நாலு கட்டளை போட்டார். தண்ணீரில் கரையும் அக்ரிலிக் பெயின்ட் மட்டும்தான். ஹார்டனர், தின்னர் வாடையே கூடாது. அடிப்பது திறந்த வெளியில். அடிக்கிறவர் வெறும் துணி கட்டாமல், வடிகட்டி உள்ள முகமூடி போட வேண்டும். தண்ணீர் பெயின்டானாலும் பறக்கிற துகள் நுரையீரலுக்கு ஆகாது. என் கணவர் தூரத்தில், காற்று வருகிற பக்கமாக உட்கார வேண்டும். "சரின்னு பட்டா செய்யுங்க. அவருக்கும் மனசுக்கு நல்லது" என்றார்.

ஏர்பிரஷ் யோசனை என் மகனுடையது. பாலிடெக்னிக்கில் கடைசி வருடம் படிக்கிறான். "அப்பாவோட கன்னுக்குத் தம்பி மாதிரிம்மா இது" என்று போனில் படம் காட்டினான். வெளிநாடுகளில் பொழுதுபோக்காகவே இப்படி அரக்கர், பூதங்களின் மார்பளவு உருவங்களை வாங்கி, கையகலத்திலிருந்து ஆள் உயரம் வரை, மாதக்கணக்கில் உட்கார்ந்து வர்ணம் அடிக்கிறார்களாம். பார்த்தால் ஒவ்வொன்றுக்கும் அதே கோரைப் பல், அதே முட்டைக் கண். புது வீட்டு வாசலில் நாம் கட்டுகிற திருஷ்டி பொம்மைக்கு அண்ணன் தம்பி போலிருந்தன. பயமுறுத்துகிற மூஞ்சி எல்லா ஊரிலும் ஒன்றுதான் போலிருக்கிறது!

ஏர்பிரஷ் பார்ப்பதற்குப் பழைய மைப்பேனா மாதிரி இருக்கும். மேலே சின்னக் கிண்ணம், அதில் பெயின்ட். பின்னால் குழாய், அதில் காற்று. விரலால் பொத்தானை அழுத்தினால் காற்று வரும். அழுத்தியபடியே பின்னால் இழுத்தால் பெயின்ட் வரும். இதன் மூதாதை 1876-லேயே அமெரிக்காவில் காப்புரிமை பெற்றுவிட்டது. போட்டோக்களைத் திருத்துகிறவர்களுக்கு ரொம்ப உதவியாக இருந்ததாம். என் கணவரின் கன் துவாரம் 1.4 மில்லிமீட்டர், இதற்கு வெறும் 0.3. அகலமாக அடிக்க 0.5-ல் ஒன்றும் சேர்த்து, சின்ன கம்ப்ரஸருடன் தன் சேமிப்பில் வாங்கி வந்தான் பிள்ளை. அவர் அதைக் கையில் வாங்கி, திருப்பித் திருப்பிப் பார்த்து, ஊசியை உருவிப் பார்த்து, "ம்... பொடிசு" என்றார். ஆனால் சாப்பிடும்வரை கீழே வைக்கவில்லை.

முதலில் பழுது பார்த்தோம். பழைய செய்தித்தாளை ஊறவைத்து அரைத்து, புளியங்கொட்டைப் பசையும், பூச்சி வராமலிருக்க வெந்தயப் பொடியும் சேர்த்து, எலி கடித்த பல்லை நான் கட்டினேன். கொழுக்கட்டை பிடிக்கிற கைக்குப் பல் பிடிக்க வராதா என்ன?

அடுத்து, பழைய பெயின்டைத் தேய்க்க உப்புத்தாளை எடுத்ததும் அவர் தடுத்துவிட்டார். 2016-ல் அடித்தது பழைய எனாமல். வீட்டுப் பெயின்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக்கூடாது என்ற சட்டம் 2017 நவம்பரில்தான் அமலுக்கு வந்தது. அதற்கு முந்தைய பெயின்ட் என்றால் ஈயம் இருக்கலாம் என்றுதான் நினைத்துக்கொள்ள வேண்டும். உலர்ந்தபடி தேய்த்தால் தூள் பறக்கும். அதனால் வாட்டர் பேப்பரை லேசாக நனைத்துத் தேய்த்து, ஈரத் துணியால் துடைத்து, அந்தத் துணியைக் காகிதத்தில் சுற்றிக் கட்டி எறிந்தேன். பக்கத்து வீட்டுக் குழந்தைகளை இரண்டு நாளைக்குக் கொல்லைப் பக்கமே விடவில்லை.

இனிமேல்தான் என் பாடு. கொல்லைக் கோடியில் வேப்பமரம். தாழ்வாரத்திலிருந்து முப்பது அடி இருக்கும். அதன் அடியில் அவருக்கு நாற்காலி. துணி காயப்போடும் கொடியில் கிழிந்த தாவணித் துண்டு ஒன்றைக் கட்டினேன். வேப்பமரத்திலிருந்து சூரன் பக்கமாக அந்தத் துணி பறந்தால்தான் கம்ப்ரஸர் ஓடும். துணி திரும்பினால் நிறுத்திவிட வேண்டும். மோட்டார் சத்தத்தில் பேச்சு கேட்காது, நானோ முகமூடிக்குள். அதனால் கைச்சாடைதான். உள்ளங்கையை முன்னால் தள்ளினால் 'தள்ளிப் பிடி'. விரலை ஆட்டினால் 'கையை நிறுத்தாதே'. கட்டைவிரலைத் தூக்கினால் 'பேஷ்'. முதல் ஒரு வாரம் அந்தக் கட்டைவிரல் தூங்கிக்கொண்டேயிருந்தது!

நேராகச் சூரன்மேல் கை வைக்க விடவில்லை. செய்தித்தாளில் புள்ளி வை, புள்ளியிலிருந்து கோடு இழு என்றார். அட, கோலமேதான்! ஆனால் மாவு சொன்னபடி கேட்கும். இந்தப் பெயின்ட் கேட்கவில்லை. ரொம்பத் தண்ணீராகக் கலந்து கிட்டத்தில் பிடித்தால், சிலந்திக் கால் மாதிரி எட்டுப் பக்கமும் ஓடியது. கெட்டியாகக் கலந்தால் துவாரம் அடைத்துக்கொண்டது. காய்ச்சாத பால் பதம்தான் சரியான பதம். காற்று 20 பவுண்டு. ஐப்பசி பிறந்து மழை ஆரம்பித்ததும் இன்னொரு தொல்லை: ஈரக்காற்றால் குழாயில் தண்ணீர் சேர்ந்து, நடுவில் 'புர்'ரென்று துப்பும். அதற்காகக் கம்ப்ரஸரில் உள்ள சின்னக் கண்ணாடிக் கிண்ணத்தை அடிக்கடி திறந்து தண்ணீரை வடிக்க வேண்டும்.

முதலில் சூரன் முழுக்கக் கறுப்பு. அது காய்ந்ததும் மேலேயிருந்து மட்டும் வெள்ளையைப் பனி மாதிரித் தூவச் சொன்னார். உச்சி வெயிலில் நின்றால் நெற்றி, மூக்கு, கன்னத்து மேடு எல்லாம் வெளிச்சமாகவும், கண்குழி, தாடைக்கடி எல்லாம் இருட்டாகவும் இருக்குமல்லவா? அந்தக் கணக்கு. அதன்மேல் கரும்பச்சையை மெல்லியதாக, ஒன்றின்மேல் ஒன்றாக ஏழெட்டுத் தடவை. அடியில் இருக்கும் கறுப்பும் வெள்ளையும் பச்சை வழியாகவே தெரிந்து, முகத்துக்கு மேடு பள்ளம் தானாக வந்துவிட்டது. சுருக்கங்களில் கருநீலம், மூக்கு நுனியிலும் காது மடலிலும் லேசாகச் சிவப்பு. "ரத்தம் ஓடற இடம் சிவந்துதானே இருக்கும்" என்றார். கோரைப் பல்லுக்கு அடியில் காவி. நுனிக்குப் போகப் போக வெள்ளை.

எனக்கோ எதையும் சுத்தமாக, வழவழவென்று செய்துதான் பழக்கம். நெற்றியும் கன்னமும் அழகாக வந்துவிட்டதாக நினைத்து அவரைக் கூப்பிட்டேன். காற்றெல்லாம் அடங்கி ஒரு மணி நேரம் கழித்து வந்து பார்த்தவர், "இது சூரன் மாதிரி இல்லம்மா. பல்வலிக்காரன் மாதிரி இருக்கான்" என்றார். எனக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. பிறகு பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார்: "இவனை ஜனங்க ஐம்பது அடி தள்ளி, ராத்திரி லைட்டு வெளிச்சத்துல பார்ப்பாங்க. கிட்ட நின்னு பார்த்தா அசிங்கமா இருக்கணும். தூர நின்னா உயிரோட இருக்கணும். இருட்டை இன்னும் இருட்டு பண்ணு." அப்படியே செய்தேன். மறுநாள் வேப்பமரத்தடியில் கட்டைவிரல் எழுந்தது.

அதன் பிறகு நான் செய்த ஒரு தப்பைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கட்டுரை எழுதியே பிரயோசனமில்லை.

தீபாவளிக்கு நாலு நாள் முன்பு. துவாரத்தில் பெயின்ட் காய்ந்து அடைத்துக்கொண்டது. தண்ணீரில் ஊறவைத்தேன், போகவில்லை. பரணில் பழைய தின்னர் பாட்டில் ஒன்று இருந்தது ஞாபகம் வந்தது. 'சொட்டு விட்டால் என்ன?' என்று, மழை தூறுகிறதே என சமையலறைக்குள்ளேயே உட்கார்ந்து, கிண்ணத்தில் ஊற்றிக் கழுவிவிட்டேன். அடைப்பு போய்விட்டது. எனக்கு ஒரே பெருமை. அரைமணியில் அவர் வேலையிலிருந்து வந்தார். வாசல் தாண்டி நடைக்கு வந்தவர் அப்படியே சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். மூச்சு உள்ளே போகிறது, வெளியே வரவில்லை. உதடெல்லாம் வெளிறிவிட்டது. நானும் பிள்ளையும் அவரை வெளியே திண்ணைக்குக் கொண்டுவந்து உட்கார வைத்து, இன்ஹேலர் கொடுத்து, அதன் பிறகும் சரியாகாமல், ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். நெபுலைசர் வைத்து ராத்திரி பதினோரு மணிக்குத்தான் மூச்சு சீரானது. எதிரியாக அவர் உடம்பு பதிவு செய்தது ஹார்டனரைத்தான். ஆனால் ஒரு தடவை நொந்துபோன மூச்சுக்குழாய்க்குத் தின்னர், பட்டாசுப் புகை, ஊதுவத்தி எல்லாமே எதிரிதான் என்பது எனக்கு அன்று புரிந்தது.

விடிய விடிய எனக்குத் தூக்கமில்லை. சூரனைத் திருப்பி அனுப்பிவிடலாம் என்று முடிவு செய்தேன். காலையில் காபி கொடுக்கும்போது சொல்லவும் சொல்லிவிட்டேன்.

அவர் காபியை ஆற்றிக்கொண்டே, "சூரன் ஒண்ணும் பண்ணல. தின்னர்தான் பண்ணிச்சு. அதை வீட்டை விட்டு அனுப்பு" என்றார். கொஞ்ச நேரம் பேசாமலிருந்துவிட்டு, "கண்ணு பாக்கி இருக்கு. இப்ப விட்டா நல்லா இருக்காது" என்றார்.

தின்னரைச் சாக்கடையில் ஊற்றாமல், பிள்ளை மூடி போட்டுப் பட்டறைக்காரரிடம் கொண்டுபோய்க் கொடுத்தான். கூடவே பரணிலிருந்த மஞ்சள் பையையும் எடுத்துவரச் சொன்னார் அவர். அவரிடம் தொழில் பழகிய பையன் ஒருவன் இப்போது தனியாகப் பட்டறை வைத்திருக்கிறான். "சரியான மாஸ்க் வாங்கினதுக்கு அப்புறம்தான் இந்தக் கன்னைத் தொடணும்" என்று சத்தியம் வாங்கிக்கொண்டு, அதை அவனுக்கே கொடுத்துவிட்டார்.

தீபாவளி முடிந்து, சஷ்டிக்கு மூன்று நாள் முன்பு கண் திறந்தோம். சிற்பியும் பொம்மைக்காரரும் கண்ணைக் கடைசியில்தான் வைப்பார்கள். விழிக்கு மஞ்சள், ஓரத்தில் சிவப்பு, அதில் 0.3 துவாரத்தால் மயிரிழை மாதிரி ரத்த நரம்புகள், நடுவில் கறுப்பு, அதில் ஒரே ஒரு வெள்ளைப் பொட்டு. தோலுக்கெல்லாம் மினுக்கில்லாத வார்னிஷ். கண்ணுக்கும் உதட்டுக்கும் மட்டும் பளபளக்கும் வார்னிஷ். அது காய்ந்ததும் கண் ஈரமாக இருக்கிற மாதிரியே ஆகிவிட்டது. தாழ்வாரத்தில் எந்தப் பக்கம் போனாலும் அவன் என்னையே பார்த்தான். மாமியார் இன்னொரு எலுமிச்சம்பழம் கட்டினார்.

என் மாமியார் பிறந்தது திருத்தணி. எங்கள் திருவள்ளூர் மாவட்டத்துக்கே பெருமையான படைவீடு. ஆனால் அங்கே சூரசம்ஹாரம் நடப்பதில்லை. சூரனோடு போர் முடித்து முருகன் சினம் தணிந்து உட்கார்ந்த மலை என்பதால், சஷ்டிக்கு அங்கே பூக்களால் அர்ச்சனைதான். "எங்க ஊர்ல சண்டை கிடையாதும்மா, சாந்தம்தான். சூரனை இவ்வளவு கிட்ட நான் பார்த்ததே இல்ல" என்று அவர் அடிக்கடி சொல்லிக்கொண்டிருந்தார்.

2024 நவம்பர் 7, வியாழக்கிழமை. மாலை மழை விட்டிருந்தது. தெருவிளக்கும் ஃபோகஸ் லைட்டும் போட்டு, மேளத்தோடு சூரன் வந்தான். யானை முகம் விழுந்தது. சிங்க முகம் விழுந்தது. பிறகு அவன் சொந்த முகம். கூட்டத்தில் ஒரு நிமிடம் சத்தமே இல்லை. முன்னால் நின்ற குழந்தை ஒன்று வீறிட்டு அழுதது. அம்மா தோளில் தட்டித் தட்டிச் சமாதானம் செய்தாள். எனக்கு அந்தக் குழந்தையைத் தூக்கிக் கொஞ்ச வேண்டும் போலிருந்தது!

சூரனை முருகன் ஒரேயடியாக அழித்துவிடவில்லை. மாமரமாக நின்றவனை இரண்டாகப் பிளந்து, ஒரு பாதியை மயிலாகவும் ஒரு பாதியைச் சேவலாகவும் தன்னோடு வைத்துக்கொண்டார். சின்ன வயதிலிருந்து கேட்ட கதைதான். அன்றைக்கு என்னவோ, பக்கத்தில் நின்ற அவரைப் பார்த்துக்கொண்டே அதைக் கேட்டேன்.

பக்கத்துத் தெரு இளைஞன் ஒருவன் அவரிடம், "அண்ணே, சூப்பரா இருக்கு. பெயின்ட் நீங்கதானே?" என்றான்.

அவர் தலையை ஆட்டினார். "நான் இல்லப்பா. வீட்ல" என்றார். சொன்னதோடு நிற்காமல், என் பக்கம் கையைக் காட்டிக் கட்டைவிரலைத் தூக்கினார்.

சகோதரிகளே, உங்கள் வீட்டு ஆண்களோ பிள்ளைகளோ பெயின்ட், பாலிஷ், ஃபோம், பசை என்று இரசாயனம் புழங்கும் இடத்தில் வேலை பார்த்தால், இருமலைக் கஷாயத்தோடு விட்டுவிடாதீர்கள். என்றைக்கு இருமுகிறார், லீவு நாளில் குறைகிறதா என்று காலண்டரில் குறித்து வையுங்கள். டாக்டரிடம் போகும்போது அதையும் எடுத்துப் போங்கள். என்ன வேலை, என்ன சரக்கு என்று விவரமாகச் சொல்லுங்கள். வேலைத் துணியை மற்ற துணிகளோடு ஊறவைக்காமல் தனியாகத் துவையுங்கள். கைக்குட்டை முகமூடி ஆகாது. எவ்வளவு சீக்கிரம் கண்டுபிடித்து அந்தச் சரக்கை விட்டு விலகுகிறோமோ அவ்வளவுக்கு நுரையீரல் தப்பும். நாங்கள் இரண்டு வருடம் தாமதித்துவிட்டோம்.

சூரன் இப்போது கோயில் அறையில், எலி வராத கம்பி வலைக்குள் பத்திரமாக இருக்கிறான். அவனை வண்டியில் ஏற்றி அனுப்பிய அன்று மாலை, மாமியார் கொல்லைப் படியில் உட்கார்ந்து, "என்னவோ வெறிச்சுனு இருக்கும்மா" என்றார். அவர் அப்போது சமையலறையில் நின்று, நான் தோசைக்குக் கரைத்த மாவைக் கரண்டியால் தூக்கி ஊற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கொஞ்சம் கெட்டி. பால் பதம் வரணும்" என்றார்.